நான்கு முறை தூக்கிய கை

வில்லிவாக்கம் ஸ்டேஷனைத் தாண்டி ரயில் பட்டணத்துப் பக்கம் நகர்ந்துவிட்டால் ராஜசேகரன் வேம்புலிக்குக் 'கேப்டன்'. மாலையில் அதே ரயில் அதே ஸ்டேஷனைத் தாண்டி அம்பத்தூர்ப் பக்கம் வந்துவிட்டால் அவன் 'சின்ன ஆண்டை'. இந்த எல்லைக்கோட்டை யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் காலேஜுக்குப் போய்வந்ததில் வேம்புலி தானாகக் கற்றுக்கொண்டது. பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் போட்டியின் தென்மண்டல இறுதி ஆட்டம் பட்டணத்தில் இல்லை, ஆவடியில் என்று தெரிந்தபோது அவனுக்கு முதலில் வந்த கவலை ஆட்டத்தைப் பற்றியதல்ல. ஆவடி வில்லிவாக்கத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. பந்தைக் கேட்கும்போது ராஜசேகரனை என்னவென்று கூப்பிடுவது?

யுத்த காலம் அது. பட்டணத்து மைதானங்களில் பாதியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டிருந்தது. மீதியில் குண்டுக்குப் பயந்து பள்ளம் வெட்டி வைத்திருந்தார்கள். ஆவடியில் புதிதாக முளைத்திருந்த ராணுவ முகாமிலோ, பொழுது போகாத வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அழகான சிமெண்டுத் தளம் போட்டு இரண்டு பக்கமும் இரும்பு வளையம் நட்டு வைத்திருந்தார்கள். ஒரு நாள் இரவல் கேட்டார்கள், கிடைத்துவிட்டது.

இந்த ஆட்டம் நம் ஊர்க்காரன் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவில் ஒரு டிரில் வாத்தியார் பனிக்காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட பையன்களின் அட்டகாசம் பொறுக்காமல், பழக்கூடையைச் சுவரில் அடித்து, 'இதில் பந்தைப் போடுங்கடா, என் பிராணனை வாங்காதீர்கள்' என்று விட்டதாகச் சொல்வார்கள். கூடைக்கு அடியில் ஓட்டை வேண்டும் என்ற ஞானம் அவர்களுக்கு உடனே வரவில்லையாம். ஒவ்வொரு பாஸ்கெட்டுக்கும் ஒருவன் ஏணி போட்டு ஏறிப் பந்தை எடுத்துக் கொடுத்தானாம். பிறகு பாதிரிமார்கள் அதை வேதப்புத்தகத்தோடு கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். பூந்தமல்லி மிஷன் பள்ளிக்கூடத்தில் பீப்பாய் வளையம் ஒன்றைப் பனந்தூணில் அடித்து வைத்திருந்தார்கள். வேம்புலி அதில் போட்டுத்தான் பழகினான்.

கல்லூரிக்குக் கல்லூரி மோதிக்கொண்டிருந்த வரையில் வம்பில்லை. பல்கலைக்கழகங்கள் கூடிப் பேசித் தேசத்தையே வடக்கு தெற்கு என்று இரண்டாக வகுத்த பிறகுதான் ஆட்டத்துக்கு அந்தஸ்து வந்தது, அந்தஸ்தோடு வெறியும் வந்தது. ஒவ்வொரு மண்டலத்திலும் ஒருமுறை தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கடைசியில் தெற்கில் மிஞ்சியவனும் வடக்கில் மிஞ்சியவனும் ஓர் ஊரில் சந்திப்பார்கள். அந்த வருஷம் அந்த ஊர் பம்பாய். களத்தில் ஐந்து பேர், வெளியே மூன்று பேர், ஆக எட்டுப் பேர் ரயிலேறலாம்.

அந்த எட்டில் ஒருவனாகப் போக வேண்டும். வேம்புலிக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது. பம்பாயில் ஆடியவன் என்றால் எந்தப் பள்ளிக்கூடமும் கூப்பிட்டு டிரில் மாஸ்டர் வேலை கொடுக்கும். வேலை கிடைத்தால் அப்பா துலுக்கானத்தையும் அம்மா தாயம்மாவையும் கள்ளிக்குப்பம் சேரியிலிருந்து கிளப்பிக்கொண்டு போய்விடலாம். துலுக்கானம் ராஜசேகரனுடைய தகப்பனார் லோகநாதனின் நிலத்தில் படியாள். அவர் அப்பாவும் அங்கேதான் படியாளாக இருந்து செத்தார். படியாளுக்குக் கூலி உண்டு, விடுதலை கிடையாது. ஒரு கை ஓய்ந்தால் அந்தக் குடும்பத்திலிருந்து இன்னொரு கை வந்து நிற்க வேண்டும் என்பது அந்த நிலத்து வழக்கம்.

எட்டுப் பேரில் வேம்புலியைச் சேர்த்ததே பெரிய கதை. பயிற்சியில் அவன் போட்ட பந்து வளைய இரும்பில் படாமல் நேரே உள்ளே விழுவதைப் பார்த்த வெள்ளைக்காரப் பிரின்சிபால் ஒருவர் சேர்த்தே ஆக வேண்டும் என்று நின்றுவிட்டார். சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் ஆடவிடவில்லை. முதல் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும் துண்டுகளை மடித்து வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மற்றவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலையை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அது கருணை இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

பயிற்சியில் யாரும் அவன் கைக்கு நேராகப் பந்தை எறிந்ததில்லை. தரையில் ஒரு தட்டுத் தட்டித்தான் அனுப்புவார்கள். மண்ணில் பட்டால் தீட்டுப் போய்விடும் என்று எந்தச் சாஸ்திரத்திலிருந்து எடுத்தார்களோ. அவன் திருப்பி எறிவதும் மண்ணில் பட்டே வர வேண்டும். அதனால் ஒரு நன்மை விளைந்தது. முழங்காலுக்குக் கீழே எழும்பும் எந்தப் பந்தும் வேம்புலியிடமிருந்து தப்பாது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சி முடிந்ததும் மானேஜர் உலகநாதன் அவனைக் கூப்பிட்டார். காலேஜில் தர்க்க சாஸ்திரம் சொல்லிக்கொடுப்பவர் அவர். தனக்கு வேண்டியதைத் தான் சொல்லாமல் எதிராளியின் வாயாலேயே சொல்லவைப்பதில் கெட்டிக்காரர். பக்கத்தில் ராஜசேகரன் நின்றுகொண்டிருந்தான்.

"நாளைக்கு நீ இறங்குறே, வேம்புலி" என்றார் உலகநாதன்.

வேம்புலிக்குத் தலைகால் புரியவில்லை. "சரி சார்."

"தெலுங்குச் சீமையிலேருந்து வந்திருக்கிற அணியில அந்த வீராசாமி எப்படி?"

"நல்லா ஆடறார் சார். எடது கையாலயே எல்லாம் போடறார்."

"அந்தக் கை இல்லேன்னா?"

வேம்புலி விழித்தான். ராஜசேகரனுக்கு இந்தத் தர்க்கமெல்லாம் பொறுக்கவில்லை.

"இன்னாடா முழிக்கிற? ஒருத்தனுக்கு நாலு தப்பு. நாலு ஆனா வெளிய அனுப்பிடுவான். நம்ம ஆளுங்க அஞ்சு பேரும் கடைசி வரைக்கும் நிக்கணும், அவங்க தப்பை வீணாக்க முடியாது. உனக்கு நாலு கீது. நாலையும் அவன் எடது கைமேல போடு."

"நான் பாஸ்கெட் போடறேனே, கேப்டன்."

"போடறதுக்கு நாங்க கீறோம். நீ சொன்னதைச் செஞ்சா பம்பாய் வண்டில உனக்கு எடம். இல்லேன்னா துண்டு மடிக்க வேற ஆளு பாத்துக்கறேன்."

உலகநாதன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை, எதையும் கேட்கவுமில்லை. பிற்பாடு யாராவது விசாரித்தால் அப்படித்தான் சொல்வார்.

வேம்புலி நல்லவன், தவித்துப் போயிருப்பான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, சரி என்று சொல்லிவிட்டான். முன்பின் தெரியாத ஒரு தெலுங்குக்காரனின் கை, அதற்கு எதிரே பம்பாய். வீட்டுக்குப் போய், "நாளைக்கு ஆடறேன், வந்து பாரு நைனா" என்று அப்பாவிடம் சொன்னான். துலுக்கானம் ஆண்டையிடம் அரை நாள் லீவு கேட்டார். லோகநாதன் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவரும் மகன் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்தானே.

மறுநாள் ஆவடியில் ஊர் ஆட்கள் நாற்காலியிலும் பெஞ்சியிலும் உட்கார்ந்தார்கள். சேரி ஆட்கள் தளத்தின் மறுகோடியில், கயிற்றுக்கு அப்பால், வெயிலில் நின்றார்கள். யாரும் சொல்லி நிற்கவில்லை, கால்கள் தாமாகவே அங்கே போய்விட்டன. ஆட்டத்தைக் கவனிக்க விசிலோடு வந்தவர் ஒரு வெள்ளைக்காரச் சார்ஜெண்ட்.

ஆட்டம் தொடங்குமுன் இரு அணியும் கைகுலுக்க வேண்டும். எதிரணிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் வந்த வீராசாமி வேம்புலியின் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றாகக் குலுக்கினான். வேம்புலி யாரென்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் குலுக்கியிருப்பான் போலத்தான் அவன் முகம் இருந்தது. அந்த இடது கை வெதுவெதுவென்று பெரிதாக இருந்தது. இரண்டு வருஷத்தில் காலேஜ் ஆட்டக்காரன் ஒருவனின் கை வேம்புலி மேல் பட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் கூச்சமாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இவன் எதற்கு இப்போது நல்லவனாக இருக்க வேண்டும்?

முதல் தப்பு சீக்கிரமே நடந்தது. வீராசாமி எம்பும்போது வேம்புலி தோளால் இடித்தான். வீராசாமி விழுந்தான், இவனும் கூடவே விழுந்தான். விசில் ஊதியது.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் தப்பு செய்தவன் யார் என்று குறித்துக்கொள்பவருக்குத் தெரிவதற்காக, விசில் ஊதியதும் அவனே ஒரு கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கி நிற்க வேண்டும். வேம்புலி எழுந்து வலது கையைத் தூக்கினான். கயிற்றுக்கு அப்பால் சேரி முழுவதும் ஓவென்று ஆர்ப்பரித்தது.

அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? துலுக்கானம் தன் ஆயுளில் ஆண்டை முன்னால் கையைத் தூக்கியதில்லை. ஆண்டையைக் கண்டால் துண்டு இடுப்புக்குப் போகும், இரண்டு கையும் மார்பில் மடியும். இங்கேயோ வெள்ளைக்காரன் விசில் ஊதுகிறான், ஓடுகிறவர்களெல்லாம் அப்படியே நிற்கிறார்கள், நாற்காலிக்காரர்கள் அத்தனை பேரும் தன் மகனையே பார்க்கிறார்கள், மகன் நடுவில் நின்று கையை வானத்துக்குத் தூக்குகிறான். இது மரியாதை இல்லாமல் வேறென்ன? சின்னப்பிள்ளை முதல் கிழவன் வரை ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. தாயம்மா அழுதேவிட்டாள்.

வேம்புலிக்குச் சத்தம் கேட்டது, காரணம் புரியவில்லை. கீழே கிடந்த வீராசாமிதான் எழுந்து, "தெப்ப தகலலேது கதா?" என்று கேட்டு அவன் முதுகைத் தட்டிவிட்டுப் போனான். அடிபட்டவன் அடித்தவனை, அடிபடவில்லையே என்று விசாரிக்கிறான்.

இரண்டாவது முறை முழங்கையால் முன்கையில் இடித்தான். விசில் ஊதியது, கை மேலே போனது, சேரி இன்னும் பலமாக ஆர்ப்பரித்தது. இந்தத் தடவை வேம்புலிக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் தூக்கிய கை மரக்கட்டை போல ஆகிவிட்டது. நாற்காலிப் பக்கமும் விளங்கியிருந்தது. லோகநாதன் பக்கத்திலிருந்தவர் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். "பாருய்யா, தப்பு பண்ணதுக்குக் கை தட்றானுங்க" என்று அவர் சொன்னது தளம் வரைக்கும் கேட்டது.

மூன்றாவது தடவை மணிக்கட்டின் மேல் ஓங்கித் தட்டினான். வீராசாமி கையை உதறினான், அதன் பிறகு அவன் எறிந்த இரண்டு பந்து வளையத்துக்கு அருகில்கூடப் போகவில்லை. பெஞ்சில் உலகநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். சேரிப் பக்கம் ஒருவன் துண்டைச் சுழற்றி ஆடத் தொடங்கியிருந்தான்.

இரண்டாம் பாதியில் ஒரு விஷயம் நடந்தது. யாரோ தவறவிட்ட பந்து தரையில் தட்டித் தட்டித் தாழ்வாக வந்தது. அப்படி வருகிற பந்து யாருக்குச் சொந்தம்? வேம்புலி குனிந்து அள்ளினான். எதிரே யாருமில்லை, வளையம் மட்டும் இருந்தது. பூந்தமல்லிப் பனந்தூணில் எத்தனையோ ஆயிரம் முறை போட்ட அதே தூரம். அவனுக்கு இட்ட கட்டளை மறந்துபோனது. பம்பாய்கூட மறந்துபோனது. எறிந்தான். பந்து இரும்பில் படாமல், வலையை ஒரு சுண்டு சுண்டிக் கீழே விழுந்தது.

அவன் திரும்பிச் சேரிப் பக்கம் பார்த்தான். அங்கே சத்தமே இல்லை. மகன் ஏன் இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை என்று துலுக்கானம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிப் பக்கமும் யாரும் கை தட்டவில்லை. வேம்புலி அந்த அணிக்காகச் செய்த ஒரே ஒரு நல்ல காரியத்துக்கு அந்த மைதானத்தில் கை தட்ட ஆளில்லாமல் போனது.

ராஜசேகரன் மட்டும் பக்கத்தில் ஓடிவந்து பல்லைக் கடித்தான். "உன்னை யார்ரா போடச் சொன்னது? நாலாவது இன்னும் பாக்கி கீது. இப்ப செய்யிறியா, இல்ல பெஞ்சுக்குப் போறியா?"

"செய்யறேன், சின்ன..." என்று ஆரம்பித்து, "கேப்டன்" என்று முடித்தான்.

நான்காவதை அவன் யோசித்துத்தான் செய்தான். வீராசாமி அடிபட்ட கையோடு எம்பினான். இறங்கும்போது வேம்புலி அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தன் உடம்பின் கனத்தையெல்லாம் அதன்மேல் போட்டு விழுந்தான். காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. வீராசாமி அலறவில்லை. வாயைத் திறந்து வேம்புலியையே பார்த்தான். ஏன் என்று அந்தக் கண் கேட்டது. அந்தக் கேள்விக்கு வேம்புலியிடம் பம்பாயைத் தவிரப் பதிலில்லை. அவனுக்கு அப்போதுதான் தன்னைக் கண்டு அருவருப்பு வந்தது.

விசில் ஊதியது. வேம்புலி எழுந்து நின்று கையைத் தூக்கினான். சேரி பைத்தியம் பிடித்ததுபோல் குதித்தது. சார்ஜெண்ட் வெளியே போ என்று விரலைக் காட்டினார். போகிற மகனைப் பார்த்துத் துலுக்கானம் பக்கத்தில் நின்றவனிடம், "பெரிய ஆட்டக்காரன்னா உக்கார வெச்சிடுவாங்க. மத்தவங்களும் ஆடணும்ல" என்று விளக்கம் சொன்னார்.

வீராசாமி இல்லாத அணியை ராஜசேகரனின் ஆட்கள் ஒரு பாயிண்டில் ஜெயித்தார்கள். ஒரு பாஸ்கெட்டுக்கு இரண்டு பாயிண்ட், தப்புக்கு ஈடாகக் கிடைக்கும் பந்துக்கு ஒன்று. வேம்புலி போட்டது இல்லையென்றால் தோற்றிருப்பார்கள். அதை யாரும் பேசவில்லை.

பேசியது வேறு. எதிரணி மானேஜர் முறிந்த கையோடு வீராசாமியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். இது ஆட்டமில்லை, ரவுடித்தனம், வேண்டுமென்றே செய்யவைத்திருக்கிறீர்கள், எழுதிப் போட்டு ஆட்டத்தையே ரத்து செய்யச் சொல்வேன் என்றார். உலகநாதன் தன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். நாங்க யாரும் அப்படிச் சொல்லித் தரல. பையன் வளர்ந்த இடம் அப்படி. இனிமே எங்க அணியில அவன் கிடையாது. இந்த நிமிஷமே எடுத்துட்டேன். பம்பாய்க்கு வரமாட்டான்."

"பிறவிக் குணம் சார். எங்க ஊரு ஆளுதான், எனக்குத் தெரியும்" என்றான் ராஜசேகரன்.

எதிரணிக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டால் குற்றத்தை யார் தேடுவார்கள்? வேம்புலி துண்டுகளோடு மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். வாயைத் திறந்தால் உண்மை வரும். உண்மையைச் சொன்னால் ராஜசேகரன் வீட்டு நிலத்தில் நிற்கும் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று நினைத்து மூடிக்கொண்டான். வீராசாமி மட்டும் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கை குலுக்கிய முகம் அது இல்லை.

மறுநாள் காலையில் வேம்புலி லோகநாதன் வீட்டுக் களத்துக்குப் போனான். சம்பா அறுவடை முடிந்து நெல் தூற்றிக்கொண்டிருந்த நேரம். சின்ன ஆண்டை அங்கேதான் இருப்பான். காலில் விழுந்தாவது பம்பாய் இடத்தைக் கேட்டுவிடுவது என்று போனான். வெட்கம் இருந்தது. ஆனால் ஒரு கையை முறித்துவிட்டு அதற்குக் கூலியும் இல்லாமல் போவதை அவனால் தாங்க முடியவில்லை.

களத்தில் வேலை நின்றிருந்தது. ஆட்கள் வட்டமாக நின்றார்கள். நடுவில் துலுக்கானம். கட்டிலில் லோகநாதன், பக்கத்தில் ராஜசேகரன்.

"எங்கே, இன்னொரு வாட்டி காட்டு. உன் புள்ள எப்படித் தூக்கினான்?" என்றார் லோகநாதன்.

துலுக்கானம் கூச்சத்தோடு சிரித்தார். பிறகு வலது கையை மெல்ல மேலே கொண்டுபோய் நேராக நிறுத்தினார். "இப்டித்தான் ஆண்டே. தொரைங்க எதிர்லயே. நாலு வாட்டி."

களம் சிரித்து உருண்டது. துலுக்கானமும் சேர்ந்து சிரித்தார். ஆண்டை தன்னோடு சேர்ந்து சந்தோஷப்படுகிறார் என்றே அவர் நினைத்தார். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை வேம்புலி பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

ராஜசேகரன் வேம்புலியைப் பார்த்துவிட்டான். "வாடா ஆட்டக்காரா. சரியான நேரத்துக்கு வந்த. கை தூக்கறதுன்னா இன்னான்னு உன் நைனாவுக்கு நீயே சொல்லு."

வேம்புலி அப்பாவின் தூக்கிய கையைப் பார்த்தான்.

"சொல்லுடா. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

ராஜசேகரன் வாயால் அப்பா கேட்க வேண்டாம் என்று தோன்றியது. வேம்புலி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தப்பு பண்ணவன்தான் தூக்கணும், நைனா. நாலு தப்பு பண்ணேன். ஒருத்தன் கையை ஒடச்சேன். அதுக்குத்தான் வெளிய அனுப்பினாங்க."

துலுக்கானத்தின் கை மேலேயே இருந்தது. சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு கையும் இறங்கியது. வழக்கம்போல் மார்பில் மடிந்தது. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல மகனிடம் கேட்டார்:

"அப்போ சின்ன ஆண்டை ஒரு வாட்டிகூடத் தூக்கலியே?"

களத்தில் சிரிப்பு நின்றுபோனது. நெல் தூற்ற வந்திருந்த பொம்பளை ஒருத்தி முறத்தால் வாயை மறைத்துக்கொண்டாள். ராஜசேகரன் முகம் கறுத்தது. துலுக்கானம் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. குத்திக் காட்டத் தெரிந்த மனிதரே இல்லை அவர். அதனாலேயே அது ஆழமாக இறங்கியது.

லோகநாதன் கட்டிலிலிருந்து எழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"கையை யார் எறக்கச் சொன்னது?"

"ஆண்டே..."

"தூக்கு. நான் சொல்ற வரைக்கும் எறக்கக் கூடாது."

துலுக்கானம் தூக்கினார்.

"ஆண்டே, நைனாவை உடுங்க" என்று வேம்புலி முன்னால் வந்தான். "நான் தூக்கிகினு நிக்கறேன். எவ்ளோ நேரம்னாலும் நிக்கறேன்."

"உன் நாலும்தான் தீந்துபோச்சே" என்றார் லோகநாதன். "உங்க ஆட்டத்துச் சட்டமே அதானே? இது இவன் கணக்கு."

நெல்லை அளக்கத் தொடங்கினார்கள். மரக்கால் ஒவ்வொன்றாக விழுந்தது. வெயில் ஏறியது. துலுக்கானத்தின் கை நடுங்கத் தொடங்கியது, பிறகு உடம்பே நடுங்கியது. கை வளைந்தபோதெல்லாம் ராஜசேகரன், "நேரா" என்றான். வேம்புலி ஓடிப்போய் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்தான். துலுக்கானம் உதட்டை அசைக்காமல், "உடு நைனா. ஆண்டை பாத்துகினு கீறாரு" என்றார். வேம்புலி விட்டுவிட்டான். விட்டதை நினைத்து அவன் பிற்பாடு எத்தனையோ முறை தன்னைத் திட்டிக்கொண்டான். ஆனால் அன்று விட்டான். கடைசி மூட்டையைத் தைத்த பிறகுதான் லோகநாதன் போகலாம் என்று தலையை அசைத்தார்.

அந்தத் தோளில் முன்பே ஒரு பழைய அடி இருந்தது. அன்றோடு கை நெஞ்சுக்கு மேலே எழும்பாமல் போய்விட்டது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடிந்தது, மண்வெட்டியை ஓங்க முடியவில்லை. ஒரு கை ஓய்ந்தால் இன்னொரு கை வர வேண்டும். வேம்புலி காலேஜுக்குப் போவதை நிறுத்திவிட்டு சம்பாவை அடுத்து வரும் நவரைப் பட்டத்துக்கு நிலத்தில் இறங்கினான். லோகநாதன் ஆள் அனுப்பிக் கூப்பிடக்கூட இல்லை, கூப்பிட வேண்டிய தேவை இருக்கவில்லை.

அந்த நிலம் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ஒரு நாள் பிற்பகலில் வேம்புலி வாய்க்கால் மடையை வெட்டிக்கொண்டிருந்தான். துலுக்கானம் வரப்பில் சும்மா உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தார். பட்டணத்திலிருந்து பம்பாய் வண்டி வந்தது. அம்பத்தூரில் அது நிற்காது. ஒரு பெட்டியின் ஜன்னல்களில் அணிக்கென்று தைத்த கறுப்புக் கோட்டு போட்ட பையன்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வேம்புலிக்கு வர வேண்டிய கோட்டை ராஜசேகரனின் மச்சான் ஒருவன் போட்டுக்கொண்டிருந்தான், அவனுக்குப் பந்தைப் பிடிக்கவே தெரியாது.

தன் நிலத்தைக் கண்டதும் ராஜசேகரன் ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டி, ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி ஆட்டினான். நிலத்துக்குத்தான் விடை சொன்னான், நிலத்தில் நின்றவர்களுக்கு இல்லை.

துலுக்கானம் எழுந்து நின்றார். பழக்கத்தில் இரண்டு கையும் மார்புக்கு வந்தன. வண்டியின் கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சின்ன ஆண்டை கையைத் தூக்கிட்டாருடா" என்றார்.

"ஆமா நைனா."

"தூக்கினா வெளிய அனுப்பிடுவாங்கன்னியே."

"ஆமா."

"இவுரைப் பம்பாய்க்கு இல்ல அனுப்பறாங்க."

மடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வேம்புலி குனிந்து மண்ணை வெட்டிப் போட்டான்.